ஈரத்தரைக்கு வந்த குஞ்சுகள்

காரியாபட்டியில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போன பிறகு, அவன் பொண்டாட்டி நூல் மில்லு வேலையை விட்டுவிட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். வீட்டைவிட்டு நகராமல் செய்கிற மாதிரி ஒரு தொழில் தேடித்தான் நூறு நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குச் சொல்லி வைத்தோம். யோசனை என்னுடையது.

"குஞ்சு பிழைச்சா நான் இவுக பக்கத்துலயே கெடப்பேன் மதினி. இல்லேன்னா திரும்ப மில்லு வேனுதான்," என்றாள் அவள்.

குஞ்சு வருகிற அன்று எம்.ரெட்டியபட்டியிலிருந்து தம்பி வீட்டுக்கு விடியவே போய்விட்டேன். தம்பியின் கட்டில் கிடக்கிற அறைக்கு அடுத்த மண்தரை அறையை ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் வீட்டில் புதிதாக ஓர் உயிர் வந்தால், மருமகளோ கன்றுக்குட்டியோ, தரையைச் சாணி போட்டு மெழுகாமல் உள்ளே விடுவதில்லை. மூலைமுடுக்கு விடாமல் வழித்து மெழுகி, நிலைப்படியில் கோலமும் போட்டேன்.

"ஏக்கா, குஞ்சு வருதா, சம்பந்தக்காரக வாராகளா?" என்று கட்டிலில் கிடந்தபடியே கேட்டான் தம்பி. விழுந்த பிறகு அவன் கேலி பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வெயில் நாளாக இருந்தால் மெழுகியது ஒரு மணி நேரத்தில் காய்ந்திருக்கும். அன்று கார்த்திகைத் தூறல். பத்து மணி பஸ்ஸில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கும்போது தரை கறுப்பாக, பளபளவென்று இருந்தது. அழகாகத்தான் இருந்தது. அதன் மேலேயே குஞ்சுகளைக் கவிழ்த்துவிட்டோம்.

பல்பு ஒன்று கட்டியிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நம்மூரு சூட்டுக்குப் பல்பு வேறயா? பொரிச்சுத் திங்கப் போறீகளா?" அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. நானும் சிரித்து, பல்பை அணைத்தேன். பொழுது சாய்ந்து போட்டால் போதும் என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் குஞ்சுகள் கத்த ஆரம்பித்தன. மெல்லிசான கீச்சு இல்லை. அத்தனையும் சேர்ந்து காதைக் கிழிக்கிற கத்தல்.

"அக்கா, அதுக கத்துறது நல்லால்ல," என்றான் தம்பி.

"புது எடம்டா. அப்படித்தான் கத்தும்."

"பசியில கத்துறது மாதிரி இல்லக்கா. கூப்பிடுற மாதிரி இருக்கு."

"நீ சும்மா கெட." இன்னும் இரண்டு கை தீவனம் அள்ளிப் போட்டேன்.

பொழுது சாய்ந்ததும் பல்பைப் போட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டேன். மறுநாள் விடிந்தபோது சத்தம் பாதியாகியிருந்தது. குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மேலே இருந்தவற்றை எடுத்தால் அடியில் இருந்தவை தட்டையாகக் கிடந்தன. என் தம்பி பொண்டாட்டி முறத்தை எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

உயிர் ஊசலாடிய ஒன்றைத் தூக்குச்சட்டியில் வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் குஞ்சைத் திருப்பி, அதன் காலை என் கன்னத்தில் வைத்தார். ஐஸ் கட்டி மாதிரி இருந்தது.

"தரையில என்னம்மா போட்டிருந்தீங்க?"

"சாணி மெழுகியிருந்தேங்கய்யா. நேத்துதான்."

அவர் குஞ்சைத் திரும்பத் தூக்குச்சட்டியில் வைத்தார். "அடைக்கோழி வயித்துக்குக் கீழ ஈரமாம்மா இருக்கும்? மொத நாளே உமியக் கொட்டிப் பல்பப் போட்டு, தரையச் சூடாக்கி வச்சிருக்கணும். பெட்டியில இருந்து எடுத்ததும் ஒவ்வொண்ணுக்கும் மூக்கைத் தண்ணியில தொட்டுக் காட்டி விடணும். அது கத்துனா குளிருதுன்னு அர்த்தம்."

உமி மூட்டையோடு திரும்பினேன். பல்பை மூன்றாக்கினோம், சாக்குக் கட்டிக் காற்றை மறைத்தோம். ஆனாலும் ஒரு தடவை சில்லிட்டது தேறவில்லை. அடுத்த நாலு நாளும் முறம் நிறைந்தது. கடைசியில் நின்றவை பதினாலு.

"நல்லதுக்குன்னுதான மெழுகுனீக மதினி," என்றாள் அவள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை மில்லு வேன் வந்து ஹாரன் அடித்தது. அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தண்ணி பாட்டிலைக் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு அவள் ஏறிப் போனாள். மத்தியானம் நான் வந்து புரட்டிவிடுவதாகப் பேச்சு. பருத்திக்குக் களை எடுத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வருவதற்குள் மணி இரண்டாகிவிட்டது.

பாட்டில் கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்தது. அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அடுத்த அறையில் பதினாலு குஞ்சும் உமியில் படுத்துத் தூங்கின.

தலையைத் தூக்கித் தண்ணி கொடுத்தேன். "பக்கத்து வீட்டுல ஆளு இருக்காகள்ல. சத்தம் போட்டா வந்திருப்பாகளேடா," என்றேன்.

"கத்துனேன்க்கா," என்றான்.