பார்க்கணும்னா கட்டணும்

கண்டக்டர் உத்தியோகத்தில் வாயைத் திறக்காவிட்டால் பிழைப்பு இல்லை. நானோ மெதுவாகப் பேசுகிற ஆள். "டிக்கெட், டிக்கெட்" என்று நான் கேட்டுக்கொண்டே போனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இப்படிப்பட்ட ஒருவன் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் எப்படித் தாக்குப்பிடித்தான் என்று கேட்பீர்கள். மத்தியான வேளையில் எங்கள் ஷெட்டில் வாயைத் திறக்காதவனுக்கும் ஒரு மரியாதை இருந்தது. தோளில் பை மாட்டி, கால் கடுக்க நின்று, அதற்கு மேல் சீட்டாட்டத்திலும் தோற்றுப்போன என் இனத்தார் யாராவது இதைப் படித்தால், என் பக்கத்தில் நகர்ந்து உட்காருங்கள். நமக்குள் பேச நிறைய இருக்கிறது.

மல்லாட்டைக் கஜானா

ஷெட்டின் பின்னால் இஞ்சின் கழற்றப்பட்ட பஸ் ஒன்று நின்றது. ஒவ்வொரு பஸ் ரிப்பேரானபோதும் அதிலிருந்து ஒரு உறுப்பைப் பிடுங்கிப் பிடுங்கி, கடைசியில் பின்சீட்டும் கூரையும்தான் மிச்சம். அதுதான் எங்கள் கிளப். டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவில் அங்கே மூணு சீட்டு நடக்கும். ஆளுக்கு மூன்று சீட்டு. கையில் நல்லது இருக்கிறது என்று நினைக்கிறவன் மேலே மேலே கட்டுவான், பயந்தவன் கவிழ்த்துவிடுவான். எல்லாரும் கவிழ்த்துவிட்டால் மிஞ்சியவன் தன் சீட்டைக் காட்டாமலே குவியலை அள்ளிக்கொள்ளலாம். அவன் கையில் இருந்தது ராஜாவா குப்பையா என்று பார்க்க ஆசைப்பட்டால், கவிழ்ப்பதற்கு முன்னால் சமமாகக் கட்டித்தான் பார்க்க வேண்டும். பார்க்கணும்னா கட்டணும். எங்கள் கிளப்பின் ஒரே சட்டம் இது.

கட்டுவது காசு அல்ல, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அறுவடைக் காலத்தில் செஞ்சி மார்க்கெட்டுக்கு வரும் மூட்டைகள் பஸ் கூரையில் ஏறி இறங்கும்போது சிந்துவதைக் கூட்டிப் பெருக்கினால் எங்கள் கஜானா நிரம்பிவிடும். ஒரே தொல்லை, தங்கவேலு அண்ணன். அவரும் கண்டக்டர்தான். ஆட்டம் சூடு பிடித்தால் அவர் கை தானாக எதிரில் இருப்பதை உடைத்து வாயில் போடும். ஒருநாள் பெரிய ஆட்டம் ஒன்றில் கட்டலாம் என்று கையை நீட்டினார், எதிரில் ஒன்றும் இல்லை. நாங்கள் எல்லாரும் அவர் வாயைப் பார்த்தோம். அவர் மென்று முடித்து, நிதானமாகச் சொன்னார்: "முதலைத்தான தின்னுட்டேன், தோலு அப்படியே இருக்குது, அத்த எண்ணிக்குங்க."

நல்லவன் காட்டிய சீட்டு

சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு ஆட்டம் வசமாக மாட்டியது. கையில் இருந்ததோ ரெண்டு, மூணு, அஞ்சு. இதைவிட மோசமாக மூன்று சீட்டைத் தேடிப் பிடிக்க முடியாது. இருந்தாலும் என் முகத்தைப் பார்த்து யாருக்கும் எதுவும் விளங்காது. பயமாக இருந்தாலும் பசியாக இருந்தாலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும். சத்தமில்லாமல் கட்டிக்கொண்டே போனேன். தங்கவேலு அண்ணன் கவிழ்த்தார். எங்களில் மூத்த கண்டக்டரான மாணிக்கம் அண்ணனும், கொஞ்ச நேரம் மீசையைத் தடவிவிட்டுக் கவிழ்த்தார்.

அள்ளிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சின்ன வயதில் தாத்தா சொன்ன கதைகளில் ஜெயித்தவன் கடைசியில் மாறுவேஷத்தைக் கலைத்துக் காட்டுவான். எல்லாரும் வாயடைத்துப் போவார்கள். அந்த ஆசையில் மூன்று சீட்டையும் மலர்த்தி வைத்தேன். எல்லாரும் வாயடைத்துத்தான் போனார்கள். அதன்பிறகு நான் எவ்வளவு கட்டினாலும் ஒருவரும் கவிழ்க்கவில்லை. கட்டினார்கள், பார்த்தார்கள், என்னை ஓட்டாண்டியாக்கி அனுப்பினார்கள். மாணிக்கம் அண்ணன்தான் ஒருநாள் பரிதாபப்பட்டுக் கேட்டார்: "ஏண்டா ராயப்பா, நீ டிக்கெட்டைக் கேக்கற ஆளா, காட்டற ஆளா?"

பனமலைக் கூடை

இந்தப் பாடத்தை ஷெட்டுக்கு வெளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பயணி. பனமலை டிரிப்பில் ஏறினார் அந்த அம்மாள். மடியில் ஒரு கூடை, அதன்மேல் ஈரத்துணி. கோழியாக இருந்தால் கூரையில் ஏற்ற வேண்டும், அதற்குத் தனி டிக்கெட்டும் உண்டு. "கூடையில இன்னாம்மா?" என்றேன். "இன்னா இருந்தா உனக்கு இன்னா? சந்தேகம்னா துணியைத் தூக்கிப் பாரு. ஒண்ணும் இல்லன்னா, ஏரிக்கரையில இருந்து எங்க ஊடு வரைக்கும் இந்தக் கூடையை நீதான் தலையில தூக்கினு வரணும். இத்தினி சனமும் சாட்சி."

பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. கூடை அசையவில்லை. அந்த அம்மாளின் முகமோ என் முகத்தைவிட வெறுமையாக இருந்தது. தலையில் கூடையோடு நான் ஏரிக்கரையில் நடக்கிற காட்சி எனக்கே தெரிந்தது. போகட்டும் என்று அடுத்த சீட்டுக்கு நகர்ந்தேன். பனமலையில் இறங்கியதும் அந்த அம்மாள் கூடையைத் தரையில் வைத்து, துணியை ஒரு பக்கமாக விலக்கினார். கால் கட்டிய மூன்று கோழிகள் தலையை நீட்டி என்னைப் பார்த்தன. ஜன்னல் வழியாக வாயைப் பிளந்துகொண்டிருந்த என்னிடம் அவர் சொன்னது இது: "நான்தான் தூக்கிப் பாக்கச் சொன்னேனே நைனா, நீ எங்க பாத்த?"

டைம்கீப்பரின் வெற்றிலை

எங்கள் டைம்கீப்பர் ஐயா சீட்டைத் தொடமாட்டார். உத்தியோக மரியாதை. ஆனால் வேடிக்கை பார்ப்பதில் மரியாதைக் குறைவு இல்லை என்பது அவர் கட்சி. ஆடுகிறவன் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவார். மெல்லுகிற சத்தம் ஒரே சீராக வந்தால் முன்னால் இருப்பவனுக்குச் சீட்டு சரியில்லை. நல்ல சீட்டைப் பார்த்துவிட்டால் மெல்லுவது நின்றுவிடும். பாவம், வேண்டுமென்று செய்வதில்லை. இதைக் கண்டுபிடித்தவர் மாணிக்கம் அண்ணன். அன்று முதல் "வாங்க ஐயா, ராயப்பன் பின்னாடி நிழலா இருக்குது, இங்க குந்துங்க" என்று தினமும் ஒரே உபசாரம்.

என் சீட்டு இப்படி ஊருக்கே தெரிந்துகொண்டிருந்ததை நான் கண்டுபிடிக்கக் கொஞ்சநாள் ஆனது. ஐயாவை எழுந்திருங்கள் என்று சொல்ல முடியுமா? டிரிப் போடுகிறவர் அவர். யோசித்து, சீட்டு விழுந்ததும் கையில் எடுக்காமல் கவிழ்த்தபடியே விட்டுவிட்டுக் கட்ட ஆரம்பித்தேன். நானும் பார்க்கவில்லை, ஐயாவும் பார்க்கவில்லை. வெற்றிலை அது பாட்டுக்கு அரைபட்டது. மாணிக்கம் அண்ணன் ஒன்றும் புரியாமல் கவிழ்த்துவிட்டார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த ஐயா துப்பிவிட்டு வந்து கேட்டார்: "நீயே பாக்கலன்னா, நான் எதுக்குடா இங்க குந்தினு கீறேன்?"

சீயமங்கலம் ஹால்ட்

சாயங்காலம் கிளம்பும் சீயமங்கலம் வண்டி அங்கேயே தங்கி மறுநாள் காலையில்தான் திரும்பும். இதுதான் ஹால்ட்; பஸ்ஸுக்குள்ளேயே படுக்கை. மார்கழிப் பனியும் கொசுவும் ஒன்றோடொன்று போட்டி போடும். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஹால்ட் என் முறையில் வந்து விழுந்தது.

வேறு நாளாக இருந்தால் போய்ப் படுத்திருப்பேன். எங்கள் ஊர் வல்லம் பக்கம். கிறிஸ்துமஸ் பூசையில் குழந்தை சேசுவின் சிலையை, எங்கள் பேச்சில் சுரூபத்தை, கோயில் வாசலிலிருந்து குடில்வரை ஏந்திப்போவது வருஷத்துக்கு ஒரு வீட்டின் முறை. அந்த வருஷம் எங்கள் வீடு. நைனா, எங்கள் அப்பா, கிணற்றுமேட்டில் கால் பிசகி விழுந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்தார். நான்தான் ஏந்த வேண்டும். தவறினால் முறை அடுத்த வீட்டுக்குப் போய், ஊரைச் சுற்றித் திரும்ப எங்களிடம் வரும்போது எனக்கே பேரன் பிறந்துவிடுவான் என்று அம்மா சொல்லியிருந்தாள். எங்கள் ஷெட் வழக்கப்படி, வேண்டாத டிரிப்பைச் சீட்டில் வைக்கலாம். வைத்தேன். மாணிக்கம் அண்ணன் எடுத்தார். நான் ஜெயித்தால் ஹால்ட் அவருக்கு. தோற்றால் எனக்குத்தான், கூடவே பொங்கல்வரைக்கும் அவர் ஹால்ட்டெல்லாம் என் தலையில்.

தங்கவேலு அண்ணன் வழக்கம்போலத் தன் முதலைத் தின்று முடித்து ஒதுங்கிக்கொண்டார். ஐயா பஸ் அனுப்பப் போயிருந்தார். நல்ல காலம், என் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. நாங்கள் இருவர் மட்டும் மாற்றி மாற்றி ஆடினோம். கடைசியில் எனக்கு வந்தது ரெண்டு ஆஸ், ஒரு ஏழு. நல்ல சீட்டுதான். ஆனால் அண்ணன் தன் முன்னால் இருந்த அத்தனை மல்லாட்டையையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார். என் முகம் அது பாட்டுக்கு இருந்தது. கவிழ்க்கலாமா என்று நினைத்தேன். அம்மா நினைவுக்கு வந்தாள். என் குவியலையும் தள்ளினேன். அவருடையதைவிட அது பெரிது.

மிச்சத்துக்குக் கஜானாவில் கடன் வாங்கினால் அவர் கட்டிப் பார்த்திருக்கலாம். மாணிக்கம் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், மீசையைத் தடவினார், வெளியே மலையைப் பார்த்தார். பிறகு தன் சீட்டைக் கவிழ்த்து, கட்டுக்குள் சொருகி, தானே கலைத்துவிட்டார். நானும் என் மூன்றையும் கவிழ்த்தபடியே சீட்டுக்கட்டில் சேர்த்தேன். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே அண்ணன் சொன்னார்: "போடா, போயி உன் சாமியைத் தூக்கு. கீழ போட்டுடாதே."

புகழ் பெற்ற மூன்று ஆஸ்

சாமியைப் பத்திரமாகத் தூக்கினேன். பண்டிகை முடிந்து செஞ்சிக்குத் திரும்பினால், டீக்கடையில் கிளாஸைக் கையில் கொடுத்தபடியே கடைக்காரர் கேட்டார்: "மாணிக்கம் மூணு ஆஸ் வெச்சினு, உனக்காகக் கவுத்துட்டாராமே?"

எனக்குப் புரை ஏறியது. ஒரு சீட்டுக்கட்டில் ஆஸ் நாலுதான். அதில் இரண்டு என் கையில் இருந்தது. அவருக்கு மூன்று எங்கிருந்து வந்தது? ஆனால் கதை எனக்கு முன்னால் கிளம்பி எல்லா ரூட்டிலும் போய்விட்டது. சீயமங்கலத்தில் பனியில் படுத்துக்கொண்டே அண்ணன் டிரைவரிடம் சொன்னாராம். டிரைவர் வழியெல்லாம் சொன்னாராம். வல்லத்தில் எங்கள் அம்மா காதில் விழுந்தது. கையெடுத்துக் கும்பிட்டாள். "வேற சாமியைக் கும்பிடற மனுசன், நம்ம சாமிக்காக மூணு ஆஸை விட்டிருக்காரு" என்று ஒரு டப்பா நிறைய அதிரசம் சுட்டுக் கொடுத்தனுப்பினாள். ஆஸ் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஏதோ நிலபுலம் என்று நினைத்திருக்கலாம். நைனா கட்டுப்போட்ட காலோடு, "அந்த மனுசனை ஒருநாள் ஊட்டுக்குக் கூட்டினு வா" என்றார்.

டப்பாவைச் செத்த பஸ்ஸின் பின்சீட்டில் வைத்துத் திறந்தோம். மாணிக்கம் அண்ணன் வாயில் அதிரசம். ஐயாவும் இருந்தார். தங்கவேலு அண்ணன்தான் திடீரென்று கேட்டார்: "அது சரி, உன் கையில அன்னிக்கு இன்னாடா இருந்துது?" மாணிக்கம் அண்ணன் மெல்லுவது நின்றது. ஐயாவிடம் பார்த்துப் பார்த்து எனக்கு அந்த அடையாளம் அத்துப்படி. ஒரு வார்த்தை சொன்னால் போதும்; மூன்று ஆஸும் டீக்கடைவரைக்கும் கிழிந்துவிடும். என் சீட்டின் பலமும் வெளியே வரும். கூடவே, நான் நல்ல சீட்டு இருந்தால்தான் குவியலைத் தள்ளுகிறவன் என்றும் தெரிந்துவிடும். இதற்கு முன் ஒருமுறை காட்டிப் பட்டது போதாதா? "மறந்துட்டேண்ணே" என்றேன். தங்கவேலு அண்ணன் ஐயாவைப் பார்த்துச் சொன்னார்: "பொங்கல் வரைக்கும் ஹால்ட்டை வெச்சு ஆடினவனுக்கு ஞாபகம் இல்லியாம், கேட்டுக்குங்க."

கட்டிப் பார்த்தவர்

அதற்கப்புறம் மாணிக்கம் அண்ணனுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. டிக்கெட் கட்டு வாங்கப் போனால் பக்கத்தில் வந்து, "நெசமாவே மறந்துட்டியா?" என்பார். கை கழுவப் போனால் பின்னாலேயே வந்து, "ஒரு ராணியாவது இருந்துதா?" என்பார். நான், "பார்க்கணும்னா கட்டணும்ணே" என்று மட்டும் சொல்வேன். மாட்டுப் பொங்கலன்று என் முறை ஹால்ட் வந்தது. கேட்காமலே அவர் போய் ஐயாவிடம் பேசி அதைத் தன் பேரில் மாற்றிக்கொண்டார். பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "கட்டிட்டேன், காட்டு" என்றார்.

கட்டியவருக்குக் காட்டுவதுதானே சட்டம். சுற்றிலும் பார்த்துவிட்டு, அவர் காதோடு "ரெண்டு ஆஸ், ஒரு ஏழு" என்றேன். அவர் கையில் அன்றைக்கு என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அதைப் பார்க்க நான் எதுவும் கட்டவில்லையே. என்னுடையதைவிடச் சின்ன சீட்டா, இல்லை நிஜமாகவே என் மூஞ்சியைப் பார்த்து இரங்கிக் கவிழ்த்த பெரிய சீட்டா, இன்றுவரை தெரியாது. அண்ணன் விரல்விட்டு ஒருதரம் எண்ணினார். விசிலை வாயில் வைத்தவர், எடுத்துவிட்டுக் குனிந்து சொன்னார்: "கட்டுல அஞ்சு ஆஸ் இருந்துதுன்னு வெளிய சொல்லிடாதே தம்பி, உங்கம்மா அதிரசத்தை நிறுத்திடுவாங்க."

ஆக, அவருடைய மூன்று ஆஸுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டப்பா நிறைய அதிரசம் வந்துகொண்டிருக்கிறது, என் இரண்டு ஆஸுக்குக் காலி டப்பாவைக் கழுவி வீட்டுக்கு எடுத்துப்போகும் உத்தியோகம் நிரந்தரமாகிவிட்டது.