காலி ஷவலின் எடை

ஹார்டுவேர் கடையில் ஷவல்கள் தொங்கும் வரிசையில் வெள்ளியங்கிரி நின்றுகொண்டிருந்தார். கையில் லக்கேஜ் தராசு. ஊருக்குப் போகும்போது சூட்கேஸைக் கொக்கியில் மாட்டித் தூக்கி, இருபத்துமூன்று கிலோவைத் தாண்டிவிட்டதா என்று பார்ப்போமே, அதே தராசுதான். பனி அள்ளும் ஷவல்களை ஒவ்வொன்றாக அதில் மாட்டித் தூக்கி, எடையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வசந்தாமணி கடை வண்டியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்தவர்கள் யாரும் வந்துவிடக் கூடாதே என்ற முகத்தோடு பக்கத்தில் நின்றாள். நான் வந்துவிட்டேன்.

“நீங்களே சொல்லுங்க ஷ்யாமளா,” என்றார் வெள்ளியங்கிரி. “எல்லாரும் ரிவ்யூ படிச்சு வாங்கறாங்க. ஒருத்தராச்சும் எடை போட்டுப் பார்த்தாங்களா? வசந்தி முதுகு விஷயமுங்க. ரிஸ்க் எடுக்க முடியாது.”

“ஷவல் எடையைப் பார்க்கறீங்க சரி. அதுல ஏறுற ஸ்னோவோட எடை?”

“ஸ்னோ பஞ்சு மாதிரிங்க. அது என்ன பெருசா கனக்கப் போகுது?”

நியூ ஜெர்சியில் இத்தனை குளிர்காலம் கண்ட மனிதர் பேசிய பேச்சு இது. அவர் பனியைப் பார்த்ததெல்லாம் ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்துதான். அங்கிருந்து பார்த்தால் பஞ்சு மாதிரிதான் இருக்கும்.

பிஸ்கேட்டவேயில் எங்களுக்கு எதிர்வீடு அவர்கள். வெள்ளியங்கிரி கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஆள். கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் படித்து, இங்கே ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிறார். ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம் தேர்ந்தெடுப்பது. மினிவேன் வாங்க ஒரு வருஷம் ஆராய்ச்சி நடந்தது. வந்த மினிவேனை டான்ஸ் கிளாஸுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் ஓட்டியது வசந்தாமணி. எந்தக் கிரைண்டர் நல்லது என்று ஊரெல்லாம் விசாரித்தார். அரைத்ததும் கழுவியதும் வசந்தாமணி. பிள்ளைகள் இருவரும் காலேஜுக்குப் போன பிறகும் ஆராய்ச்சி நின்றபாடில்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம் என்பார்கள். இவர் வைகுண்டத்துக்கு எந்த ஏணி நல்லது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கராஜிலிருந்து தெருவரைக்கும் கார் வரும் பாதையான டிரைவ்வேயில் பனி அள்ளும் வேலை வசந்தாமணிக்கு எப்படி வந்தது என்பதும் ஒரு கதை. வீடு வாங்கிய முதல் குளிர்காலத்தில் அவர் ஆபீஸ் வேலையாக டெக்சாஸ் போயிருந்தார். வேறு ஆளில்லாமல் அவள் அள்ளினாள். திரும்பி வந்தவர் பார்த்துவிட்டு, “எங்கூட்டு வசந்திக்கு இதெல்லாம் தோட்டத்து வேலை மாதிரிங்க,” என்று தெருவெல்லாம் பெருமையடித்தார். அந்தப் பாராட்டுதான் நிரந்தர வேலைக்கான உத்தரவு. அதற்குப் பிறகு அவருக்கு சைனஸ் வந்துவிட்டது. குளிரில் நின்றால் பிடித்துக்கொள்ளுமாம். டிசம்பர் மாதம் நயாகராவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டபோது அந்த சைனஸ் எங்கே போயிருந்ததோ. என் வீட்டுக்காரர் ராமசுப்ரமணியன் ஒன்றும் உத்தமர் இல்லை, ஆனால் பனி விழுந்தால் திட்டிக்கொண்டாவது எழுந்து போய் வேலையை முடித்துவிட்டு வருவார்.

போன குளிர்காலத்தில் வசந்தாமணிக்கு முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. வாரக்கணக்கில் ஹாலில் தரையோடு தரையாகக் கிடந்தாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனை விட அவளைப் பயமுறுத்தியது வேலை. டிபெண்டன்ட் விசாவில் வேலை பார்க்க அனுமதியில்லாமல் வருஷக்கணக்கில் வீட்டிலேயே கிடந்தவள் அவள். பெர்மிட் வந்த பிறகு ஒரு டேகேரில், கைக்குழந்தைகள் அறையில் சேர்ந்தாள். குழந்தைகளைத் தூக்க முடியாவிட்டால் அந்த அறையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். “அங்க நான் போனாப் போதும் அக்கா, எல்லாம் கையை நீட்டும்,” என்று அவள் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். வேறு எதைப் பற்றியும் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இந்த முதுகைக் காப்பாற்றத்தான் வெள்ளியங்கிரி களம் இறங்கினார். எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குரூப்பில், மனைவியின் முதுகுக்கு ஏற்ற ஷவல் எது என்று கேள்வி போட்டார். செழியன் என்றொருவர், கைப்பிடி வளைந்ததுதான் நல்லது, குனிய வேண்டாம் என்றார். தீபக் என்றொருவர் சக்கரம் வைத்ததை சிபாரிசு செய்தார். பனியை வாரி வீசும் மெஷின், ஸ்னோ ப்ளோயர் வாங்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, அதைப் பற்றிய ரிசர்ச் இன்னும் முடியவில்லை என்று பதில் வந்தது. பெண்கள் சிலர் எவ்வளவு அக்கறை என்று சிவப்பு இதயம் போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்க முதுகுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லைங்க, ஐயாம் ஃபைன். விசாரிச்சதுக்குத் தேங்க்ஸ்,” என்று கும்பிடு போட்டார்.

அன்றைக்குக் கடையில் அவர் வாங்கியது, தராசு சொன்னபடி இருப்பதிலேயே லேசான பிளாஸ்டிக் ஷவல். வாய் மட்டும் கல்யாண வீட்டு அண்டா அகலம். “அகலமா இருந்தாத்தான் நாலு அள்ளுல முடியும்,” என்று பில் போடும் இடத்தில் எனக்கு விளக்கம் வேறு.

பிப்ரவரியில் ஒரு நாள் விடியும்வரை பனி கொட்டியது. கடைசியில் மழையும் கலந்து பெய்ததால் எல்லாம் ஈரமாகி இறுகிவிட்டது. போதாததற்கு, தெருவை வழித்துக்கொண்டு போன வண்டி வழித்ததையெல்லாம் ஒவ்வொரு வீட்டு டிரைவ்வே வாயிலும் ஒரு கரையாக ஒதுக்கிவிட்டுப் போயிருந்தது. டேகேர் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் கார் வெளியே வர வேண்டும்.

கிச்சன் ஜன்னலில் காபியோடு நின்ற நான் வசந்தாமணியைப் பார்த்தேன். அந்த அண்டா வாயைக் கரைக்குள் குத்தி நிரப்பினாள். தூக்கினாள். பாதி உயரத்தில் அப்படியே நின்று, மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். காபியை அப்படியே வைத்துவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

“முதுகு போயிடுச்சா?” என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

“இல்லீங்க அக்கா. போறதுக்கு முன்னாடி வெச்சுட்டேன்.” அவள் முகம் வெளுத்திருந்தது. நிரம்பிய ஷவலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள், “கராஜ்ல சுவத்துல அந்தத் தராசு தொங்குது. எடுத்துட்டு வர்றீங்களா?”

எடுத்து வந்தேன். கொக்கியை மாட்டி நான்தான் தூக்கினேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. பதினொன்றரை கிலோ காட்டியது. வசந்தாமணி குனியாமல் எட்டிப் படித்தாள்.

“எங்க ரூம்லயே பெரிய பையன் இவ்வளவுதான் இருப்பான்,” என்றாள். “அவனையாச்சும் நெஞ்சோட சேர்த்துத் தூக்கலாம். இதை எட்டப் புடிச்சில்ல தூக்கணும்.”

ஷவலை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். விழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். ஹாலை ஒட்டிக் கண்ணாடிக் கதவு போட்ட அறையில் வெள்ளியங்கிரி மீட்டிங்கில் இருந்தார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. எங்களைப் பார்த்ததும் மியூட் செய்தார்.

“என்ன வசந்தி, அதுக்குள்ள முடிஞ்சுதா? பார்த்தியா, ஷவல் செலக்‌ஷன் அப்படி.”

“ஒரு அள்ளு பதினொன்றரை கிலோ இருக்குதுங்க. எடை போட்டுட்டுத்தான் வர்றேன்.”

பெண்டாட்டியின் முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். இடுப்பில் இருந்த கையைப் பார்த்திருக்கலாம். அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். “பதினொன்றரையா? அப்ப இந்த மாடல் தப்புதான். சக்கரம் வெச்சது ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன், இரு. ஆர்டர் போட்டா நாளன்னிக்கு வந்துரும். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பாதிப் பாதியா அள்ளிக்கோ.”

அந்த ஆளை என்ன செய்தால் தகும் என்று எனக்குக் கை பரபரத்தது. வசந்தாமணி வாசல் அலமாரிக்குப் போனாள். அவருடைய குளிர் ஜாக்கெட்டையும் விலைச்சீட்டுகூடக் கிழிக்காத ஸ்னோ கையுறைகளையும் கொண்டுவந்து கீபோர்டின் மேல் வைத்தாள். மீட்டிங்கில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆர்டர் போட வேண்டாமுங்க. என்ற முதுகுக்கு எது நல்லதுன்னு நானே பார்த்து எடுத்துட்டேன்.”

“எது? எந்த பிராண்ட்?” என்றார், உண்மையான ஆர்வத்தோடு.

“உங்க முதுகுதானுங்க.”

அவருக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு சைனஸ் என்று ஆரம்பித்தார். அதைக் கேட்க அங்கே யாரும் நிற்கவில்லை. வசந்தாமணி ஹேண்ட்பேக்கை எடுத்துக்கொண்டு என்னோடு தெருவைத் தாண்டி வந்தாள். எங்கள் வீட்டு டிரைவ்வே எப்போதோ சுத்தமாகியிருந்தது. சீட் சூடேறும் பட்டனை அவள் பக்கம் போட்டுவிட்டுக் காரைப் பின்னால் எடுத்தேன்.

தெருவில் திரும்பும்போது வெள்ளியங்கிரி லுங்கிக்கு மேல் ஜாக்கெட்டும் பூட்ஸுமாக டிரைவ்வே வாயில் நின்றார். கையில் அவர் தேர்ந்தெடுத்த ஷவல். கரையில் ஒரு குத்து குத்தி, தூக்கப் பார்த்து, கீழே வைத்துவிட்டார். கராஜ்வரைக்கும் கிடந்த பனியை முதல் தடவையாக நீளவாக்கில் பார்த்தார். எங்களைக் கண்டதும் கையை ஆட்டினார். நான் வண்டியை நிறுத்தினேன்.

“வசந்தி, இதை எங்கிருந்து ஆரம்பிக்கோணும்? எப்படிப் பண்றது?”

வசந்தாமணி ஜன்னலைப் பாதி இறக்கினாள்.

“குரூப்ல கேளுங்க,” என்று சொல்லிவிட்டு ஜன்னலை ஏற்றிக்கொண்டாள். “போலாங்க அக்கா, குழந்தைங்க வந்துரும்.”