குடிமையியல் டீச்சர் பெயிலான கதை

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினொரு வருடம் நான் குடிமையியல் நடத்தியிருக்கிறேன். ஜனாதிபதி, பிரதமர், கவர்னர், முதலமைச்சர், பஞ்சாயத்துத் தலைவர் என்று யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவள்தான் எண்பதுகளின் நடுவில், நியூ ஜெர்சியில், அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வில் பெயிலானேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மறைக்கலாம் என்று பார்த்தேன், அதற்குள் என் வீட்டுக்காரர் சர்ச்சுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அவர் ஒரு மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். அவருக்குக் கிடைத்த வேலையால்தான் நாங்கள் இந்த ஊருக்கு வந்தோம். முதல் இரண்டு வருடம் நான் வீட்டில் இருந்தேன். எனக்கு வீட்டில் சும்மா இருக்க வராது. சமையலறைச் சுவரைப் பார்த்துப் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவேனோ என்ற பயத்தில், ஆசிரியர் வேலைக்கான சான்றிதழ் கேட்டு மாநிலக் கல்வித்துறைக்கு மனுப் போட்டேன். கல்லூரியில் சில பாடங்கள் படித்து முடிக்கச் சொன்னார்கள். முடித்தேன். ஒரு தற்காலிகச் சான்றிதழ் வந்தது. சில வருடங்களுக்குள் நான் அமெரிக்கக் குடிமகள் ஆகிவிட வேண்டும், ஆகாவிட்டால் இது காலாவதியாகும் என்று அதன் அடியில் அச்சடித்திருந்தது.

பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது, கணக்கு டீச்சராக. என் பாடம் குடிமையியல் என்று பிரின்சிபாலிடம் சொன்னேன். அவர் மரியாதையாகச் சிரித்தார். இந்த நாட்டுக் குடிமகளாக இல்லாதவர் குடிமையியல் நடத்தினால் பெற்றோர் கேள்வி கேட்பார்கள் என்றார். பின்னம் நடத்தினால் யாரும் கேட்க மாட்டார்களாம். குடியுரிமைப் பேப்பர் வந்ததும் எட்டாம் வகுப்புக் குடிமையியல் உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார். காலையில் பிள்ளைகள் நெஞ்சில் கை வைத்துக் கொடிக்கு உறுதிமொழி சொல்லும்போது நான் வாய் திறக்காமல் நிற்பேன். ஏன் சொல்வதில்லை என்று ஒரு பெண் கேட்டாள். எனக்கு இன்னும் அந்த உரிமை வரவில்லை என்றேன். அவளுக்குப் பொறாமையாகிவிட்டது.

நான் தேர்வுக்குப் போன வருட ஜூன் மாதத்தோடு அந்தத் தற்காலிகச் சான்றிதழ் முடிய இருந்தது. அதற்குள் நான் குடிமகள் ஆகவில்லையென்றால் வேலை போய்விடும். சாப்பாட்டுக்கு ஒன்றும் குறைவில்லை, வீட்டுக்காரர் சம்பாதித்தார். ஆனால் வகுப்பறை இல்லாமல் நான் எதற்கும் லாயக்கில்லை, இது எனக்கு நன்றாகத் தெரியும். மறுபடியும் அந்தச் சமையலறைச் சுவரா?

ஜனவரியில் தேர்வு. படிக்காமலே போனேன். திமிர்தான், வேறென்ன? மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, இந்தப் பக்கம் நான். அரசாங்கத்தின் மூன்று பிரிவுகள் எவை என்றார். சொன்னேன். அவர் கேட்காமலே அவற்றின் பணிகளையும் சொன்னேன். அடுத்து, மாநில அரசின் தலைவர் யார் என்றார்.

"சீஃப் மினிஸ்டர்" என்றேன்.

அவர் பேனா நின்றது. அதைப் பார்த்து நான் சுதாரித்திருக்க வேண்டும். விடை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து விரிவாகச் சொல்ல ஆரம்பித்தேன். கவர்னர் என்று ஒருவர் உண்டு, ஆனால் பெயருக்குத்தான். அவரை ஜனாதிபதி நியமிப்பார். மந்திரிசபை நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவார். என் மாணவி இப்படி எழுதியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன்.

இந்த மாநில கவர்னரைத் தேர்ந்தெடுக்கத் தாமே ஓட்டுப் போட்டதாக அதிகாரி சொன்னார். நான் அவரிடம், "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று இங்கிலீஷில் சொன்னேன். பதினொரு வருடப் பழக்கம், வாயில் வந்துவிட்டது.

இத்தனை வருடம் இங்கே இருந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பீர்கள். கவர்னரை டிவியில் பார்க்காமலா இருந்தேன்? எப்போது பார்த்தாலும் ரிப்பன் வெட்டிக்கொண்டிருப்பார். கவர்னர் என்றால் ரிப்பன் வெட்டத்தான் செய்வார், இதிலென்ன ஆச்சரியம் என்று சேனலை மாற்றிவிடுவேன்.

சில வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். எங்கள் ஊர் ஹைஸ்கூலில் சனிக்கிழமை காலை நடக்கும் குடியுரிமை வகுப்புக்குப் போகும்படி ஒரு துண்டுத்தாளும் கொடுத்தார்கள். நாலாவது படிக்கும் என் மகளிடம் நடந்ததைச் சொன்னேன். "மம்மி, எவ்ரிபடி நோஸ் தட்" என்றாள்.

அந்த வகுப்பை நடத்தியவர் பள்ளியின் ஃபுட்பால் கோச். கழுத்தில் விசில் தொங்கும். நல்ல மனிதர், பாடம்தான் வராது. செனட்டுக்கும் கீழ்ச்சபைக்கும் என்ன வித்தியாசம் என்பதைக் கரும்பலகையில் ஆட்டத்துக்குப் போடுவதுபோல அம்புக்குறி போட்டு விளக்குவார். கடைசி அம்பு யாருடையது என்பது அவருக்கே தெரியாது. நான் கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் கையைத் தூக்கினேன். கல்வி உங்கள் நாட்டில் எந்தப் பட்டியலில் வருகிறது என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. எங்கள் அரசியல் சட்டத்தில் மூன்று பட்டியல்கள் உண்டு என்று விளக்கினேன். மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. எமர்ஜென்சியின்போது அதைப் பொதுப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டார்கள். வகுப்பில் அத்தனை பிள்ளைகளையும் புத்தகத்தில் பழைய வரியை அடிக்கச் சொல்லிப் புதிதாக எழுத வைத்தவள் நான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோச் தலையைச் சொறிந்தார். அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது என்றார். சொல்லாததெல்லாம் மாநிலத்துக்கு. மாநிலம் அதை ஊர்ப் பள்ளி வாரியத்திடம் கொடுத்துவிடுகிறது. வாரியத்துக்கு எங்கள் ஊரில் ஒரு பல் டாக்டர் தலைவர். இந்த வகுப்புக்குப் புத்தகம் அச்சடித்து அனுப்புவது வாஷிங்டன். நடத்துவது ஊர்ப் பள்ளி. தேர்வு வைப்பது மறுபடியும் வாஷிங்டன். அங்கே என்ன கேட்பார்கள் என்று பள்ளிக்கு யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் குடிமகனை உருவாக்குவது யார் பொறுப்பு என்றேன். அவர், அது பெரிய கேள்வி, எழுதித்தான் கேட்க வேண்டும் என்றார். பேச்சுக்குச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. நான் அன்று மத்தியானமே எழுதினேன், மத்திய அரசுக்கு ஒன்று, மாநில அரசுக்கு ஒன்று. இரண்டுக்கும் பதில் வந்தது. கல்வி மாநிலத்தின் பொறுப்பு என்றது வாஷிங்டன். குடியுரிமை வாஷிங்டனின் பொறுப்பு என்றது மாநிலம். இரண்டு பேரும் என் அக்கறைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ஊர் மாறினாலும் அரசாங்கம் அரசாங்கம்தான் என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மார்ச்சில் இரண்டாவது தேர்வு. அதே அதிகாரி, அதே கேள்வி. "கவர்னர்" என்றேன். நான் இன்னும் ஏதாவது சொல்வேனா என்று பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். பிரசவத்துக்கு அடுத்தபடி நான் பட்ட பெரும்பாடு அதுதான். பாஸ்.

மே மாதம் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம். ஏறக்குறைய நூறு பேர் வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். வீட்டுக்காரர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் இன்னும் மனுப் போடவில்லை, எனக்கு முடிந்ததும் அடுத்த மாதம் போடுவதாக இருந்தார். வேறெந்த நாட்டின் மீதும் உள்ள விசுவாசத்தை முற்றிலும் துறக்கிறேன் என்ற வரி வந்தது. நூறு பேரோடு நானும் சொன்னேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடம் நினைவுக்கு வந்தது. இந்தியக் குடியுரிமை மூன்று வழிகளில் போகும். துறத்தல், முடிவுறுதல், பறித்தல். பாடப்புத்தகத்தில் பக்கத்திலேயே இங்கிலீஷ் சொல்லும் இருக்கும். முதல் இரண்டையும் பிள்ளைகள் எப்போதும் குழப்புவார்கள். நாமாக எழுதிக் கொடுத்தால் துறத்தல், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் தானாகவே முடிவுறுதல், அதற்கு டெர்மினேஷன் என்று பத்துத் தடவை எழுத வைப்பேன். யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள், கடிதம்கூட வராது என்று சொல்லிக் கொடுப்பேன். யாரோ தூரத்து ஆளைப் பற்றிப் பேசுவதுபோல அத்தனை வருடம் சொல்லியிருக்கிறேன்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது. நான் பொது இடத்தில் அழுகிறவள் இல்லை. கையில் புதுச் சான்றிதழ், பின்னால் குடும்பம் குடும்பமாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் பதறிக்கொண்டு வந்தார்.

"என்னட்டி ஆச்சு? ஏன் அழுவுத?"

"என்னை டெர்மினேட் பண்ணிட்டாங்க."

"யாரு, ஸ்கூல்லயா? அதெப்படிப் பண்ணுவான்? அதான் பேப்பர் கையில இருக்குல்லா! இரு, பிரின்சிபாலுக்கு இப்பமே போன் பண்ணுதேன்" என்று சட்டைப்பையில் சில்லறையைத் தேடினார்.

"ஸ்கூல்ல இல்லங்க" என்றேன். "ஊர்ல."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பையிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். செப்டம்பரில் எட்டாம் வகுப்புக் குடிமையியல் எனக்குக் கிடைத்தது. அடுத்த மாதம் போடுவதாக இருந்த மனுவை அவர் நாலு வருடம் கழித்துத்தான் போட்டார்.