குருவிக்குக் கொடுத்த சொம்பு

நான் குருவிக்குத் தீனி வைத்ததால்தான் ராஜ்யத்தின் எல்லை மாறிப்போனது என்று என் மாமனார் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு என் தலைமுடி போனது. இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறவில்லை. ஆற வேண்டும் என்கிற ஆசையும் எனக்கில்லை.

சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், குடிபாலாவுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமனார், வீட்டுக்காரர், நான், மூன்றே பேர். வீட்டுக்காரருக்குச் சித்தூர் வெல்ல மண்டியில் எடை போடுகிற வேலை. காலையில் சைக்கிளை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் வருவார். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. ஓடையைத் தாண்டினால் எங்கள் நிலம்.

நான் வந்த முதல் கோடையில் தண்ணீர் அண்டாவுக்குள் ஒரு குருவி விழுந்து செத்துக் கிடந்தது. குடிக்கக் குனிந்திருக்கிறது, தண்ணீர் எட்டவில்லை, உள்ளே விழுந்துவிட்டது. அன்றைக்கே கைப்பிடி உடைந்த எனாமல் பேசின் ஒன்றை வேப்பமரத்தடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு குருவியும் குளிக்கவில்லை. விளிம்பில் கால் வைக்கும், சறுக்கும், பறந்துவிடும். ஓடை மணலை உள்ளே கொட்டி நாலு கூழாங்கல் போட்டேன். அப்புறம் நின்று குளித்தன. பித்தளைத் தட்டு ஒன்று வைத்துப் பார்த்தேன், வெயிலில் அடுப்பு மாதிரி காய்ந்தது. கடைசியில் விரிசல் விட்ட பானையின் மண்மூடிதான் சரிப்பட்டது. ஆழம் கம்மி, தண்ணீரும் சூடேறாது.

தீனிக்குத் துணி கிழிந்த குடையை விரித்து, தலைகீழாகத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். கம்பி நுனிகளில் கொட்டாங்கச்சிகளைக் கட்டிக் கம்பும் நொய்யும் போட்டேன். கயிறு வழியாக எறும்பு இறங்கி வந்தது. கயிற்றின் நடுவே இன்னொரு கொட்டாங்கச்சியைக் கோத்து, ஓட்டையை அரக்கால் அடைத்து, அதில் தண்ணீர் ஊற்றினேன். எறும்பு அதோடு நின்றது. கண்ணாடி உடைந்த அரிக்கேன் விளக்கையும் விடவில்லை. சிம்னி இருந்த இடத்தில் தானியம் வைத்தால் குருவி உள்ளே புகுந்து தின்னும். காக்காய் தலையை நுழைக்கப் பார்த்துத் தோற்றுப் போகும்.

மாமனார் அப்போது எதையும் தடுக்கவில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பார். "துன்னட்டும்மா, குருவி வந்தா லச்சுமி வந்தா மாரி" என்பார். நானும் நல்ல மனுஷர் என்றுதான் நினைத்தேன்.

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமைகளில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்கள் குளித்து, நாமம் போட்டு, நாமம் எழுதிய சொம்பைக் கையில் பிடித்து, "கோவிந்தா" சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். சொம்பில் விழுகிற அரிசியைப் பொங்கித் திருமலைப் பெருமாளுக்குப் படைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். மாமனாரின் சொம்பு அவருடைய அப்பா காலத்தது. அடியில் வெடிப்பு விட்டதும் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார். பழையதை ஈயம் பூசவும் கொடுக்கவில்லை, பாத்திரக்காரனுக்கும் போடவில்லை. சாமி சொம்பை விற்கக் கூடாதாம். பரணில் தூக்கிப் போட்டார். அங்கே எலிப் புழுக்கையும் பூச்சிக் கூடும் ஏறிக் கிடந்தது. அது அவருக்குக் குற்றமாகத் தெரியவில்லை.

அதை இறக்கியது நான்தான், மறைக்கவில்லை. படுக்கை வாட்டில் வைத்து இரண்டு கயிற்றில் கட்டித் தாழ்வாரத்து மூங்கிலில் தொங்கவிட்டு, தானியம் போட்டேன். பெருமாளுக்கு அரிசி வாங்கின சொம்பு, குருவிக்கு அரிசி கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். நாமத்தைத் தேய்த்து அழித்துவிட்டுக் கட்டியிருக்கலாம். அது தோன்றவில்லை. ஒரு வாரத்தில் குருவிகள் தானியத்தைக் கீழே தள்ளிவிட்டு, வைக்கோலும் பஞ்சும் கொண்டுவந்து சொம்புக்குள் கூடு கட்டிவிட்டன. மூன்று முட்டை. அந்தச் சொம்புக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் மாமனார் தினம் கூழ் குடித்தார். நிமிர்ந்து பார்த்தால் நாமம் தெரியும். ஒரு நாளும் அவர் கண்ணை உறுத்தவில்லை.

அந்த வருடங்களில் எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராசுக்கு என்பதுதான் டீக்கடை முதல் மண்டி வரை பேச்சு. ஒரு நாள் தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். எல்லைக் கோடு எங்கள் ஓடையோடு போகிறதாம். வீடு ஆந்திரா, நிலம் மெட்ராஸ்.

மாமனார் கட்டிலில் இடிந்து உட்கார்ந்தார். இனி பட்டாவுக்கு ஒரு ஆபீஸ், வீட்டுக்கு ஒரு ஆபீஸ், அங்கே ஒரு பாஷை, இங்கே ஒரு பாஷை. விளைந்த நெல்லை ஓடை தாண்டிக் கொண்டுவர விடுவார்களா என்பதே தெரியாது. அந்தப் பயம் எனக்கும்தான் இருந்தது. அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது? சாமி சொம்புல குருவிக்கு ஊடு கட்டி வுட்டுக்கினு கீற?"

"பரண்ல சும்மா கெடந்துச்சு மாமா."

"அதான். அதான் நெலம் அந்தாண்ட பூட்ச்சு. எங்க நைனா கையில புடிச்ச சொம்பு அது."

எழுந்து நின்று ஒரே இழுப்பில் கயிற்றோடு பிடுங்கினார். கூடு சரிந்து விழுந்தது. முட்டை மூன்றும் சாணம் மெழுகின தரையில் உடைந்து கிடந்தன. தாய்க்குருவி அன்று முழுவதும் மூங்கிலில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. அந்தத் தரையைத் துடைத்தவள் நான்தான்.

அதோடு விட்டாரா? மறுநாள் குளித்துவிட்டு வந்து பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று, குற்றத்தைப் பொறுத்து நிலத்தை இந்தப் பக்கமே திருப்பிக் கொடுத்தால் மருமகளின் முடியைக் காணிக்கையாகக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டார். சத்தமாகவே வேண்டிக்கொண்டார், நான் அடுப்பங்கரையில் இருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தலை முழு வழுக்கை, கொடுக்க அங்கே ஒன்றுமில்லை. என் முடி முழங்கால் வரை இருந்தது.

கோடு மாறவில்லை. குருவி முட்டையை உடைத்தோ மருமகள் முடியை வேண்டியோ யாரும் எல்லை போடுவதில்லை. வேண்டுதல் பலிக்காவிட்டால் கொடுக்க வேண்டாம் அல்லவா? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. முதலில் கொடுத்தால்தான் பெருமாள் திரும்பிப் பார்ப்பாராம்.

என் கோபத்தில் பாதி அவர் மேல்தான். மீதிப் பாதி வீட்டுக்காரர் மேல். மண்டியிலிருந்து வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நைனா வேண்டிக்கினாரு. நா இன்னா பண்றது?"

"முடி உங்க நைனாவுதா, என்னுதா?"

"சாமி விசயம்."

"அப்ப உங்க முடியக் குடுங்க. மண்டையில நெறையத்தான் கீது."

"மொட்டையோட மண்டிக்குப் போனா சிரிப்பானுங்க."

பச்சைப் பொய். சித்தூர் மண்டியில் எந்த நாளும் பத்துப் பேராவது திருப்பதி மொட்டையோடு மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. தராசு பிடிக்கிற அந்த மனிதர் வீட்டில் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை, வாயில் கொழுக்கட்டை. நான் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால், சாமிக்கு முடி கொடுக்காமல் ஓடி வந்தவள் என்று அங்கேயும் பேசியிருப்பார்கள்.

திருப்பதிக்கு பஸ்ஸில் போனோம். அலிபிரியிலிருந்து படி ஏறினோம். மாமனார் படிக்குப் படி "கோவிந்தா" சொன்னார். நான் சொல்லவில்லை. அந்தப் பெருமாளிடம் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. என் முடி வேண்டும் என்று அவர் எங்கே கேட்டார்?

முடி எடுக்கிற இடத்தில் நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்து, "தல வஞ்சம்மா" என்று தெலுங்கில் சொல்லி என் தலையைக் குனிய வைத்தார். பின்னல் மடியில் விழுந்தது, பாம்பு போலக் கனத்தது. பிறகு கத்தி. பக்கத்தில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. நான் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கும்போது மடியில் கிடந்ததில் ஒரு பிடியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். சாமிக்குக் கொடுத்த முடியைத் திரும்ப எடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அரிவாள்மணையில் வைத்து அதை விரல் நீளத்துக்கு நறுக்கினேன். நீளமாகப் போட்டால் குஞ்சுகளின் காலில் சுற்றிக்கொள்ளும். அரிக்கேன் விளக்குக் கூண்டுக்குள், கம்பு வைக்கிற இடத்தில் திணித்தேன். இரண்டு நாள் எந்தக் குருவியும் தொடவில்லை. மூன்றாம் நாள் ஒன்று வந்து ஒரு பிசிறை இழுத்துக்கொண்டு போனது. அப்புறம் ஜோடியும் சேர்ந்துகொண்டது. எங்கே கொண்டுபோகின்றன என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். வீட்டுக்குள், பெருமாள் படத்துக்குப் பின்னால்.

சாய்த்து மாட்டிய படம் அது. மேல்பக்கத்தில், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே கூடு எழும்பியது. மாமனார் பார்த்தார். கட்டையை எடுத்து வரப் போகிறார் என்று நான் வாசற்படியில் வந்து நின்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பெருமாளே எடம் குடுத்துக்கீறாரு. அத்த யாரும் கலைக்காதீங்க."

மூங்கிலில் நான் இடம் கொடுத்தால் குற்றம், சுவரில் பெருமாள் கொடுத்தால் அருள். முட்டை வைத்தது, குஞ்சு பொரித்தது. அதற்குள் எனக்கும் தலையில் விரற்கடை முடி வளர்ந்துவிட்டது. நிலமும் எங்கும் போகவில்லை. ஓடைக்கு அந்தாண்டை இருந்த இடத்திலேயே இருந்தது, பட்டா மட்டும் வேறு ஆபீசுக்குப் போயிருந்தது. அந்த வருட நெல்லையும் வழக்கம்போல ஓடையில் இறங்கித்தான் தூக்கி வந்தோம்.

ஒரு சனிக்கிழமை காலை விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். மாமனார் கைகூப்பியபடி நின்றவர் கண்ணை இடுக்கிப் படத்துக்கு மேலே பார்த்தார். சட்டத்தின் ஓரத்தில் கறுப்பாகக் கற்றை தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா அது? மயிராட்டம் கீது."

"மயிருதான் மாமா. பெருமாளுக்கு நீங்க குடுத்தது."

அவர் என் தலையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். உள்ளே குஞ்சுகள் தீனி கேட்டுக் கத்தின. கலைக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, கலைக்காதே என்று சொன்னவரே அவர்தான். கூப்பிய கையை இறக்கவும் முடியவில்லை. மறுநாளும் குளித்துவிட்டு வந்து அங்கேதான் நின்றார், அதைத்தான் கும்பிட்டார். நான் மண்மூடியில் தண்ணீர் மாற்றப் போனேன்.