நெஞ்செலும்பில் எடுத்தது

என் நெஞ்சின் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது. பார்ப்பவர்கள் நுளம்பு கடித்த தழும்பு என்று நினைப்பார்கள். எலும்பைத் துளைத்து, உள்ளே இருக்கிற மச்சையை உறிஞ்சி எடுத்த ஊசி போன இடம் அது. அந்த ஊசியைக் குத்துவிப்பதற்காக நான் என் வீட்டு ஆட்களோடு வாய் நோகச் சண்டை பிடித்தேன். அதற்காக இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கப் போவதுமில்லை.

அறுபதுகளில் நடந்த கதை. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் குளத்துக்குக் கீழே காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஐயா குடாநாட்டிலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் அவருக்கு ஒரே பிள்ளை. காடு வெட்டின நிலத்தில் நெல் விளையத் தொடங்கியபோது எனக்குக் கல்யாண வயதும் வந்துவிட்டது. ஐயாவின் தமக்கை, என் மாமி, அடுத்த காணியில் இருந்தா. அவாவின் மகனுக்குத்தான் நான் என்று, நான் தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடித்திருந்தார்கள். எனக்கும் அதில் மறுப்பு இருக்கவில்லை. மச்சான் சைக்கிளை இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓடுவான். அந்த வயதில் ஒருத்தனைப் பிடிக்க அது போதும்.

நெல் அரிவிவெட்டு நேரத்தில்தான் முதலில் கண்டேன். கதிர்க்கட்டு சுமந்த தோள், கயிறு பட்ட முழங்கை, வரம்பில் இடித்த கால் எல்லாம் நீலமாகக் கண்டிப்போயிருந்தன. பிறகு ஒன்றும் படாமலே கண்டத் தொடங்கியது. காலையில் எழும்பிப் பார்த்தால் தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று இருக்கும். மாமி அதைப் பார்த்துவிட்டு, "பேய் உறிஞ்சியிருக்கு" என்று சொல்லிக் கையில் நூல் கட்டிவிட்டா. வாய்க்காலில் துவைக்க வருகிற பெண்கள் வேறு விதமாக நினைத்தார்கள். "தேப்பன் போட்டு அடிக்கிறான் போல" என்று எனக்குக் கேட்கவே கதைத்தார்கள். ஐயா என்னை வாழ்நாளில் ஒருமுறைகூட அடித்ததில்லை. அந்தக் கதை காதில் விழுந்த பிறகு, மனிசன் கடைக்குப் போகிற வழியையே மாற்றிவிட்டார்.

பல்லு விளக்கினால் இரத்தம். குனிந்தால் மூக்கால் இரத்தம். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாத ஒன்றும் இருந்தது.

எங்கள் வளவில் கிணற்றடிக்கு அங்கால் ஒரு சின்னக் கொட்டில். மாதத் துடக்கு வந்தால் நானும் அம்மாவும் அங்கேதான் இருக்கவேண்டும். தனிப் பாய், தனிக் கோப்பை. இரத்தம் நின்று தலைமுழுகும் வரைக்கும் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது, குசினிப் பக்கம் தலை காட்டவே கூடாது. ஆம்பிளைகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். "பிள்ளை எங்க?" என்று ஐயா கேட்பார். "அங்கால" என்று அம்மா சொல்லுவா. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அந்த வருடம் எனக்குத் துடக்கு நிற்கவில்லை. தலைமுழுகி வீட்டுக்கு வந்த கையோடு திரும்பவும் போவேன். பிறகு வீட்டுக்கு வருவதே இல்லை என்று ஆகிவிட்டது. கொட்டிலுக்குள் பாயில் கிடந்து கூரைக் கிடுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எழும்பினால் கண் இருட்டும். அம்மா சாப்பாட்டைக் கொட்டில் தட்டியோடு வைத்துவிட்டு, "இன்னும் நிக்கேல்லையோ?" என்று மெல்லக் கேட்பா. இல்லை என்றால் பெருமூச்சு விட்டுக்கொண்டு போவா. அவாவுக்கு அது துடக்கு. துடக்கைப் பற்றிப் புருசனிடம் என்ன கதைக்கிறது? எனக்குச் சாகும் அளவுக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. அது ஒழுக்கமாக, ஒருவருக்கும் தெரியாமல், கிணற்றடிக்கு அங்கால் போய்க்கொண்டிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

ஒருநாள் மூக்கால் போன இரத்தம் நிற்காமல் சட்டை நனைந்தபோதுதான் ஐயா பயந்தார். மூக்கு எல்லோரும் பார்க்கக்கூடிய இடம் அல்லவா! அடுத்த ரயிலில் என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே இருந்த டொக்டர் கதை குறைந்த மனிதர். என் காதுச் சோணையில் சின்னதாகக் குத்தி, வந்த இரத்தத்தை ஒற்றுத்தாளில் ஒற்றி ஒற்றி எடுத்தார். மற்ற ஆட்களுக்கு நிற்கிற நேரத்தில் எனக்கு நிற்கவில்லை. தாள் முழுக்கச் சிவப்புப் பொட்டு. அவர் முகம் மாறியது.

"மூக்கால தவிர வேற எங்கயும் ரத்தம் போறதோ?"

"பல்லு முரசால கொஞ்சம்" என்றா அம்மா.

"மாதா மாதம் வாறது ஒழுங்கோ?"

ஐயா பக்கத்தில் நின்றார். அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் ஒழுங்குதான் டொக்டர்" என்று சொன்னா.

அம்மா பொய் சொல்லுகிற ஆள் இல்லை. ஐயாவுக்கு முன்னால், ஒரு பிற ஆம்பிளைக்கு முன்னால், வேறு எதுவும் சொல்ல அவாவின் வாய் பழகியிருக்கவில்லை. டொக்டர் தலையாட்டிவிட்டுப் பேனையை எடுத்தார். இரும்புச்சத்து மருந்து மட்டும் எழுதித் தந்து அனுப்பிவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது. அந்தப் போத்திலோடு நான் திரும்பக் கொட்டிலுக்குத்தான் போகவேண்டும்.

"ஒழுங்கில்லை டொக்டர்" என்றேன். "அரிவிவெட்டுக்குப் பிறகு ஒழுங்கா நிண்டதே இல்லை. இப்பவும் போகுது. கட்டி கட்டியாப் போகுது."

"வாயை மூடடி!" என்று அம்மா என் கையைக் கிள்ளினா. கிள்ளின இடம் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே நீலமானது. டொக்டர் அதையும் பார்த்தார். ஐயா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கழுத்து நரம்பு துடித்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

என்னை வார்ட்டில் மறித்துவிட்டார்கள். அடுத்த நாள் இரத்தத்தைச் சோதித்த பிறகு டொக்டர் வந்து எங்களுக்கு விளங்கப்படுத்தினார். இரத்தத்தில் சிறுதட்டு என்று ஒன்று ஓடுகிறதாம். எங்கேயாவது வெடித்தால் போய் அடைக்கிறது அதுதானாம். எனக்கு அது இல்லை என்று சொல்லுகிற அளவுக்குக் குறைவு.

"ரண்டில ஒண்டு" என்றார். "எலும்பு அதைச் செய்யேல்லை. இல்லாட்டில் எலும்பு செய்யுது, உடம்பு அழிக்குது. அழிக்குதெண்டால் என்னட்டை மருந்து இருக்கு."

"எலும்பு செய்யேல்லை எண்டால்?" என்று கேட்டேன்.

"அப்ப என்னட்டைச் சொல்லுறதுக்குப் பெரிசா ஒண்டும் இல்லைப் பிள்ளை. எது எண்டு தெரிய நெஞ்செலும்பில ஊசி போட்டு மச்சை எடுத்துப் பாக்கவேணும். தேப்பன் சம்மதிக்கவேணும்."

ஐயா ஊருக்குப் போய் மாமியோடு திரும்பி வந்தார். மாமி இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வந்தா. கட்டில் விளிம்பில் இருந்து எனக்குத் தீத்திக்கொண்டே முடிவையும் சொன்னா. ஊசி வேண்டாமாம்.

"ஆம்பிளை டொக்டர் நெஞ்சில கை வைக்கிறதோ? எலும்பில ஓட்டை போட்ட பெட்டை எண்டு நாளைக்குச் சனம் கதைக்கும். மச்சையை எடுத்தால் பிள்ளை பெறப் பெலன் இருக்குமோ? தை பிறந்தால் கலியாணம். கலியாணம் முடிய எல்லாம் சரிவரும்."

"அதுக்கிடையில செத்துப்போனால், மாமி?"

மாமியின் கை நின்றது. அவாவின் கண் கலங்கியதை நான் கண்டேன். "கூடாத வருத்தம் எண்டு தெரிஞ்சால் பிறகு என்ன செய்யிறது, மோள்? தெரியாமல் இருக்கிறது நல்லமெல்லே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டா. அவா என்மேல் வைத்திருந்த அன்பு பொய்யில்லை. ஆனால் அந்த அன்பு என்னைக் கொண்டுபோய்ப் புதைத்திருக்கும்.

"எனக்குத் தெரியவேணும்" என்றேன். "என்ர எலும்பு. உள்ளுக்கை இருக்கோ இல்லையோ எண்டு பாக்கிறதுக்கு உங்கட மகனிட்டையும் கேக்கவேணுமோ?"

அம்மா தலையில் கை வைத்தா. மாமி கோப்பையை மூடினா. ஐயா சுவரோடு சாய்ந்து நின்றார். அவர்தான் சம்மதம் சொல்லவேண்டியவர். நான் அவரிடம் திரும்பினேன்.

"ஐயா, எங்கட வயலில தண்ணி நிக்கேல்லை எண்டால் நீங்கள் என்ன செய்வீங்கள்?"

அவர் விளங்காமல் பார்த்தார். "வாய்க்காலால வருகுதோ எண்டு பாப்பன்."

"வந்தால்?"

"வந்தால், எங்கயோ வரம்பு உடைஞ்சு போகுது. அதைத் தேடி அடைப்பன்."

"ஒண்டையும் பாக்காமல் வீட்டில இருந்துகொண்டு, வயல் காய்ஞ்சு போச்சுது, எங்கட தலைவிதி எண்டு சொல்லுவீங்களோ?"

குளத்துத் தண்ணிக்காக அதிகாரிமாரோடு மல்லுக்கு நின்ற மனிதர் ஐயா. தண்ணி எங்கே மறிபடுகிறது என்று தெரியாமல் ஒரு நாளும் படுத்ததில்லை. தோளில் கிடந்த சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு, "அக்கா, நீ பேசாமல் இரு" என்று சொல்லிவிட்டு டொக்டரைத் தேடிப் போனார். ஐயா தமக்கையை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஊசி போடும்போது கட்டிலைச் சுற்றிச் சீலை மறைப்பு வைத்தார்கள். நெஞ்சில் மஞ்சள் மருந்து பூசி, விறைக்கிறதற்கு ஒரு சின்ன ஊசி போட்டார்கள். பிறகு வந்தது தடித்த, கட்டையான ஊசி. டொக்டர் அதைத் திருகித் திருகி அமத்தினார். எலும்பு நறுக்கென்று இடம் விட்டது எனக்குக் கேட்டது. அதுவரை நோவு பெரிதாக இல்லை. "இனித்தான் இழுக்கப்போறன், கத்தக்கூடாது" என்றார் டொக்டர்.

இழுத்தார். உயிரையே குழாய்க்குள் இழுக்கிறார்கள் என்று நினைத்தேன். அது ஒரு கணம்தான், ஆனால் அந்த நோவுக்கு விறைப்பு மருந்து ஒன்றும் செய்யாது.

"கத்தக்கூடாதெண்டால் நீங்கள் படுங்கோ, நான் குத்துறன்!" என்று கத்தினேன்.

பஞ்சை அமத்திப் பிடித்துக்கொண்டிருந்த நேர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. டொக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடித் துண்டுகளில் அந்தச் சொட்டுகளைப் பூசிக்கொண்டே, "இவ்வளவு வாய் இருக்கிற ஆள் லேசில சாகமாட்டாள்" என்றார். சிவப்புக்குள் சின்னச் சின்னக் கொழுப்புத் துணிக்கைகள் மினுங்கின. என் உடம்புக்குள் இவ்வளவு காலமும் இருந்து, நான் ஒருநாளும் பார்த்திராத பொருள்.

முடிவு வருகிற வரைக்கும் நான் பயந்தேன். அதை ஒளிக்க விருப்பமில்லை. சண்டை பிடித்து வென்ற பிறகு, மாமி சொன்னது சரியாக இருந்தால் என்ற எண்ணம் என்னை விடவில்லை. யாரும் பார்க்காத நேரம் நெஞ்சில் கை வைத்து, உள்ளே இருக்கிறாயா என்று கேட்பேன்.

டொக்டர் வந்தார். "எழும்பி நடக்க ஏலுமோ? வாரும்" என்றார். நேர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆய்வுகூடம் வரைக்கும் போனேன். ஐயாவும் பின்னால் வந்தார். நுணுக்குக்காட்டிக்குள் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் புள்ளிகள் நிறைந்து கிடந்தன. நடுவில், மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரிதாக ஒன்று. தள்ளி இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"அந்தப் பெரிசுகளிலயிருந்துதான் சிறுதட்டு உடைஞ்சு வாறது" என்றார். "உமக்கு அது தாராளம். வழமையிலும் பாக்கக் கூட. எலும்பில பிழை இல்லை. மண்ணீரல்தான் தின்னுது. குளிசை தாறன். அதுக்கு மசியாட்டில் மண்ணீரலை எடுத்துவிடுவம்."

"வாய்க்காலால தண்ணி வருகுது" என்றார் ஐயா.

நான் திரும்பவும் குனிந்து பார்த்தேன். இல்லாத பேய்க்கும், அடிக்காத தகப்பனுக்கும், பேசக்கூடாத துடக்குக்கும் நடுவில் என் எலும்பு நிற்காமல் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை வந்தது.

குளிசை வேலை செய்தது. நீலங்கள் மஞ்சளாகி மறைந்தன. முகம் மட்டும் ஊதிப்போனது. மாமி பார்த்துவிட்டு, "பூசணிக்காய் மாதிரி வந்திருக்கிறாய்" என்றா. தை பிறந்தது, கல்யாணம் நடக்கவில்லை. பிறகு பார்ப்போம் என்றார்கள். பிறகு மச்சானுக்குக் குடாநாட்டில் ஓட்டை போடாத எலும்போடு ஒரு பெண் கிடைத்தாள். அந்தச் செய்தி வந்த அன்று நான் நன்றாக அழுதேன். அழுது முடித்து மூக்கைப் பலமாகச் சிந்தினேன். இரத்தம் வரவில்லை. அந்தச் சந்தோசத்தில் மச்சான் கைவிட்டுப் போன துக்கம் பாதி போய்விட்டது.

வீடு வந்த பிறகு துடக்கு வந்தபோது அம்மா கொட்டிலைக் கூட்டி, பாயைத் தட்டி விரித்து வைத்திருந்தா. நான் முற்றத்தில் நின்றேன். ஐயா மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அங்கால போகமாட்டன்" என்றேன். "அங்க கிடந்தால் எனக்கு எவ்வளவு போகுது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஐயா, எனக்கு இண்டைக்கு வந்திருக்கு. வழமையா நிக்கிற நேரத்தில நிக்காட்டில் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். அதை நீங்களும் தெரிஞ்சிருங்கோ."

அம்மா காதைப் பொத்தினா. ஐயா தலை நிமிரவில்லை. நான் பாயை எடுத்துக்கொண்டு முன்வாசலால் வீட்டுக்குள் போய், என் அறையில் விரித்துப் படுத்தேன். வீடு இடிந்து விழவில்லை.

அடுத்து வந்த நாட்களில் ஐயா என் முகத்தைப் பார்க்காமல் போனார், வந்தார். அம்மா கோப்பையை அறை வாசலில் வைத்தா. பிறகு ஒருநாள் காலை, வயலுக்கு வெளிக்கிட்ட ஐயா மண்வெட்டியோடு என் அறை வாசலில் நின்றார். உள்ளே பார்க்காமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை" என்றார். "நிண்டிட்டுதோ?"

"ஓம் ஐயா. நிண்டிட்டுது."

"சரி" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்.