முகூர்த்தத்தை மறைத்த முதுகு

கடைக்கு வந்த ஒருவரின் மெமரி கார்டில் நான் டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் டேவிட் அண்ணனின் மனைவி போன் செய்தார். "தம்பி, அவிய போயிட்டாவ. காலைல காப்பி குடிச்சாவ, நெஞ்ச அடைக்குதுன்னாவ, அம்புட்டுதான்" என்றார். கார்டை அப்படியே வந்தவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கல்யாணம் வைத்தவர்களில் பலருக்கு அண்ணனைத் தெரியும். மணமேடையில் நின்று "செத்த சிரிங்க, காசா பணமா" என்று மாப்பிள்ளைகளை அதட்டிய கேமராக்காரர் அவர்தான். கேமரா அவர் கையில், லைட் என் கையில் என்று ஸ்டூடியோவைச் சேர்ந்தே நடத்தினோம்.

முகூர்த்தம் இல்லாத நாட்களில், எதையும் ஏற்ற முடியாத, அழிக்கவும் முடியாத கார்டுகளும் பென் டிரைவ்களும் கடைக்கு வரும். கார்டு என்றால் அண்ணன் முதலில் அதன் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டு விசையைத்தான் பார்ப்பார். பாதிப் பேருக்கு அதை நகத்தால் தள்ளிவிட்டாலே சரியாகிவிடும். "நீங்களே பூட்டிட்டு, உள்ள விட மாட்டேங்குதுன்னு வந்து நிக்கியளே" என்று கேலி செய்து அனுப்புவார். பூட்டு உடைந்து விழுந்திருந்தால் அந்தப் பள்ளத்தில் துளி டேப் ஒட்டுவார். கார்டு வேலை செய்யும். ஆனால் அதற்குப் பிறகு அதைப் பூட்டவே முடியாது.

எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. தாலி கட்டி முடிந்ததும் கார்டைக் கழற்றிப் பூட்டிய பிறகுதான் பந்திக்குப் போவோம். "லாக் போடாம எலையில கை வைக்கக் கூடாதுல" என்பார். அடுத்த விசேஷத்துக்கு முன்னால் பையில் கிடக்கும் கார்டுகளை ஒவ்வொன்றாகக் கேமராவில் போட்டு அழிப்பார். அழிய மறுக்கும் கார்டில் யாரோ ஒருவரின் கல்யாணம் இருக்கிறது என்று அர்த்தம்; அதைத் தனியே எடுத்து வைப்பார். எதில் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்கிற பேச்சே கிடையாது.

மம்சாபுரத்துப் பெண் கோமதியின் கல்யாணம் அப்படித்தான் போனது. வீட்டார் ஒரே கேமரா போதும் என்றிருந்தார்கள். முகூர்த்தம் முழுக்க, டேப் ஒட்டிய எங்கள் கார்டு ஒன்றில் இருந்தது. டேப் ஒட்டியதை மறந்து, வழக்கம்போல ஓரத்தை நகத்தால் தள்ளிவிட்டுப் பூட்டியாயிற்று என்று அண்ணன் பந்திக்கு வந்துவிட்டார். மறுநாள் தளவாய்புரத்தில் ஒரு காதுகுத்து. கார்டு மறுக்கவில்லை, அழிந்தது. அதன்மேலேயே காதுகுத்து முழுவதையும் எடுத்துவிட்டோம். பிறகு எப்படி மீட்டுப் பார்த்தாலும் தாய்மாமன் மடியில் அழுகிற குழந்தைதான் வந்தது.

"கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிருவோம்ணே" என்றேன்.

"கார்டுக்கு வாய் இல்லைங்கிற தைரியமால?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

கோமதியின் அம்மா வாசலிலேயே இருந்தார். அண்ணன் உட்காரவில்லை. "முகூர்த்தத்த நான் அழிச்சிட்டேம்மா. என் தப்புதான்" என்றார். நான் அவருக்குப் பின்னால் நின்று செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தம்மா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "துபாய்ல எம்மவன் லீவு கெடைக்காம கெடக்கான். தங்கச்சி கல்யாணத்த அவன் பாக்கத்தான்யா வீடியோவே எடுக்கச் சொன்னோம்" என்றவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் காப்பி இருந்தது. "வெயில்ல வந்திருக்கிய, குடிங்க" என்றார். அந்தக் காப்பியை நான் எப்படி விழுங்கினேன் என்று இன்றும் தெரியவில்லை. நினைத்தால் காதெல்லாம் சுடுகிறது.

அடுத்து வந்த நாட்களில் அண்ணன் மம்சாபுரத்திலும் வன்னியம்பட்டியிலும் சொந்தக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார். கல்யாணத்தில் செல்போனில் எடுத்ததையெல்லாம் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தார். கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மாலை மாற்றுவது இருந்தது, பந்தி இருந்தது. தாலி கட்டுகிற இடத்தில் மட்டும், எல்லாப் போனிலும், வியர்வையில் நனைந்த அண்ணனின் முதுகு. பக்கத்தில் லைட்டைத் தூக்கிக்கொண்டு நான். "கேமராக்காரரே, செத்த தள்ளுங்கய்யா!" என்று யாரோ கத்துகிறார்கள். நாங்கள் இருவரும் திரும்பக்கூட இல்லை.

அண்ணன் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். "இத்தன வருசமா எம்புட்டுப் பேரு கண்ண மறைச்சிருக்கேம்ல" என்றார். மறைத்ததில் பாதி நான்.

கிடைத்ததைச் சேர்த்துத் துபாய்க்கு அனுப்பினோம். பையன் அன்றைக்கே பேசினான். "தாலி கட்டும்போது தெரியுற முதுகு யாருது?" என்று கேட்டான்.

"என்னதுதான் தம்பி. மன்னிச்சிருங்க" என்றார் அண்ணன்.

"நான் நிக்க வேண்டிய எடம்ணே அது. நீங்களாச்சும் நின்னியளே" என்றான்.

அவன் பெருந்தன்மையாகச் சொன்னானா, குத்திக் காட்டினானா என்று எங்களுக்கு விளங்கவில்லை. அண்ணன் போனை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டார். இருவரும் வெட்கப்பட்டோம். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அண்ணன் தாலிகட்டை நின்று எடுக்கவில்லை. கெட்டிமேளம் ஆரம்பித்ததும் மணமேடையில் மண்டியிட்டுவிடுவார். முட்டி வலிக்காரர். "ஒழுங்கா எந்திரிச்சு எடுமய்யா" என்று பெரியவர்கள் சத்தம் போட்டாலும் கேட்க மாட்டார். முடிந்ததும் என் பக்கம் கையை நீட்டுவார், நான் பிடித்துத் தூக்கிவிடுவேன்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த மண்டியிடுதலும், மம்சாபுரத்து வாசலில் பட்ட வெட்கமும்தான். இரண்டையும் நான் விடப்போவதில்லை. அவரை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் முகூர்த்தம் ஸ்ரீவில்லிபுத்தூரில். கேமரா இப்போது என் கையில், லைட் ஒரு ஸ்டாண்டில். கெட்டிமேளம் கேட்டதும் மண்டியிட்டேன். முதுகுக்குப் பின்னாலிருந்து யாரும் தள்ளிப்போகச் சொல்லவில்லை. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் எழுந்திருக்கப் பார்த்தேன். கால் மரத்திருந்தது. அவரைப் போலவே பக்கத்தில் கையை நீட்டினேன்.