கடைசிப் படகில் வந்த மாமா

ஏழு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. இரண்டாம் வகுப்பில் வெறும் காதோடு உட்கார்ந்திருந்த ஒரே பெண் நான்தான். அதற்குக் காரணம் அப்பாவின் ரோஷம். அக்கரையில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், புது வீடு குடிபுகுந்தபோது அழைப்பிதழைப் போட்டோ எடுத்து அப்பாவின் செல்போனுக்கு அனுப்பிவிட்டார். பத்து நிமிடம் படகேறி வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க முடியாதவர் வீட்டுக்கு நாம் எதற்கு என்று அப்பா போகவில்லை. வராதவரிடம் தனக்கென்ன பேச்சு என்று மாமாவும் இருந்துவிட்டார். ஐந்து வயதில் நடக்கவிருந்த காதுகுத்து அப்படியே நின்றுபோய் இரண்டு வருடம் ஓடிப்போனது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான்.

கடைசியில் அம்மா தனியாகவே படகேறிப் போய் அழைத்துவிட்டு வந்தாள். மாமா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லையாம்.

"இன்னைக்கு எங்கண்ணன் வரலீன்னா, எனக்குப் பொறந்த ஊடுன்னு ஒண்ணு இல்லீங்க" என்று விசேஷத்தன்று காலை அப்பாவிடம் சொன்னாள். அப்பா, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்க்கப் படித்துறைக்கு இறங்கிப் போனார். அது நான்காவது தடவை.

எடப்பாடிக்கு மேற்கே எங்கள் துறையில் காவிரி நல்ல அகலம். ஒரு காலத்தில் பரிசல் ஓடியது. என் காலத்தில் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும் விசைப்படகு. மேட்டூர் அணையில் உபரிநீர் திறந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அக்கரைக்குப் பாலம் சுற்றிப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். நாங்கள் கரைக் கோயிலில் கூடியிருந்தபோது ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அக்கரையில் நின்ற படகு திரும்பி வருவதோடு சரி. நல்ல நேரம் முடிய முக்கால் மணிதான் இருந்தது.

எல்லார் முகமும் வாடியது. எனக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம். ஆசாரி இந்தக் காதில் விட்ட ஊசியை அந்தக் காது வழியாகத்தான் எடுப்பார் என்று சித்தப்பா பையன் சொல்லியிருந்தான். படகு வரவே கூடாது என்று காவிரியைக் கும்பிட்டிருந்தேன்.

படகு வந்தது. நடு ஆற்றைத் தாண்டியதும், முனையில் சீர்த்தட்டோடு நிற்கும் மாமா தெரிந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிடம் இன்ஜின் இருமிவிட்டு நின்றது.

படகு துறைக்கு வராமல் பக்கவாட்டில் கீழே போகத் தொடங்கியது. படகுக்காரர் மூங்கிலை ஊன்றிப் பார்த்தார், தரை எட்டவில்லை. கொஞ்ச தூரத்தில் பாறைகள். கேட்டதைக் காவிரி கொடுத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. இரண்டு காதும் குத்திக்கொள்கிறேன், வேண்டுமானால் மூக்கும் குத்திக்கொள்கிறேன், மாமாவை விட்டுவிடு என்று மனதுக்குள் கதறினேன். அந்த மாதிரி நான் பயந்தது அதற்குப் பிறகு இல்லை.

கரையை ஒட்டிப் படகு நழுவியபோது, வேட்டியோடு நெஞ்சளவு தண்ணீரில் நின்றவர் அப்பா. அவ்வளவு பக்கத்தில் வேறு யாரும் இல்லை. கயிற்றை வீச வேண்டிய இடத்தில் நின்றவர் மாமா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமா கையிலிருந்த தட்டை விடவில்லை.

"மச்சான், தட்டக் கீழ வெச்சுப்போட்டுக் கயித்தப் போடுங்க" என்றார் அப்பா.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க மாப்பிள்ளை" என்றார் மாமா.

முதல் வீச்சு தவறியது. இரண்டாவதை அப்பா எட்டிப் பிடித்துக் கரையோர மரத்தின் வேரில் சுற்றினார். அதற்குள் ஓடிவந்தவர்கள் சேர்ந்து இழுத்தார்கள்.

நல்ல நேரம் முடியும் தறுவாயில் மாமா மடியில் உட்கார்ந்தேன். ஊசி, கட்டெறும்பு கடித்த அளவுக்குத்தான். நிமிர்ந்து பார்த்தால் அம்மா தேம்பிக்கொண்டிருந்தாள். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈர வேட்டியோடு நின்ற அப்பாவின் கண்ணும் சிவந்திருந்தது. எல்லாரும் என் காதுக்காகத்தான் அழுகிறார்கள் என்று நினைத்தேன். பெரியவர்களுக்கு இவ்வளவு பயம் ஆகாது என்று தோன்றியது. எனக்கு வலிக்கவே இல்லை என்று மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சமாதானம் சொன்னேன்.